நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பேசுகிறவர்

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி குளியலறைக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். உறவுக்குத்தான் அண்ணி, வயதில் என்னைவிட இரண்டு மாதம் சின்னவள். எங்களுக்குள் ‘வா, போ’தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது யாரு குரல்னு சொல்லு பாப்போம்.”

வாய் நிறைய நுரையோடு காதைக் கொடுத்தேன். திரையில் ஒரு தெரு நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ போனைக் கையில் பிடித்து நடந்துகொண்டே பேசுகிறார். முகம் இல்லை. செருப்புச் சத்தமும் குரலும் மட்டும்.

“இந்த பஸ் ஸ்டாப் பெஞ்சுல மூணாவது பலகைல மட்டும் உக்காந்துடாதீங்க. ஆணி தூக்கிட்டிருக்கு. என் சட்டை ரெண்டு இதுக்கே போயிடுச்சு. எதிர்ல பாருங்க, தையல் கடை. ஏங்க, யாராவது இந்த ஆணியை அடிச்சு உள்ள தள்ளக்கூடாதான்னு தையல்காரர்கிட்ட கேட்டேன். சிரிக்கிறாரு. மிச்சத்தை நீங்களே புரிஞ்சுக்கோங்க.”

நுரையை விழுங்கிவிட்டேன். அது என் கணவரின் குரல்.

நாலு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, ஏழு மாதத்துக்கு முன்பு நான் விட்டு வந்த கணவர். விட்டு வந்ததற்கு ஒரே ஒரு காரணம், சொந்தபந்தம் எல்லாம் அறிந்த காரணம்: அந்த மனிதர் பேசமாட்டார். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பேசமாட்டார், அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும் என்று என் அம்மாவிடம் ஒருமுறை அழுதிருக்கிறேன். பிறகு யோசித்தால், அதுவும் சரியில்லை. எதிரொலிப்பதை மட்டும் அவர் நன்றாகவே செய்வார்.

“நாப்பத்தியோரு நிமிஷம்” என்றாள் அண்ணி. “நடுவுல ஒரு தடவை இருமினாரு. மத்தபடி மூச்சு விடல.”

அவள் தன் தங்கைக்கு வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பழைய குடியிருப்புப் பக்கம் எப்படி இருக்கிறது என்று போனில் தேடியிருக்கிறாள். அகப்பட்டது என் வீட்டுக்காரர். ‘வாங்க நடக்கலாம்’ என்று பெயர் வைத்து, முப்பத்தியொரு வீடியோக்கள் போட்டிருக்கிறார். எல்லாமே அவர் சுற்றுகிற தெருக்கள், சந்துகள், கடைவீதி, பாலத்தடி. தொடர்ந்து பார்ப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

“சக்களத்தின்னா ஒருத்தி இருப்பான்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் போனை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அது ஒரு திங்கட்கிழமை. அடுத்த திங்கட்கிழமைக்குள் நான் எங்கள் மேடத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை செய்வது பல் செய்யும் லேபில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதை பிளாஸ்டர் மாவில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, செட்டாகத் திருப்பி அனுப்புவோம். ஊரில் யார் யாரோ என் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேடம் ரயிலில் பத்து மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில் புதிதாக ஒரு லேப் திறக்கிறார். முழு செட் பிரிவுக்கு என்னைத் தலைமையாகக் கேட்டிருந்தார். குறைந்தது மூன்று வருடம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிடித்திருந்ததுதான் தொல்லை. போனால் வேலைக்காகப் போனதாக இருக்காது, அவரை முழுசாக விட்டுப் போனதாக ஆகிவிடும். இது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு வாரமாக அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்று பஸ்ஸில் முதல் வீடியோவைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் இரண்டு. மாலையில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். இரவுச் சாப்பாட்டில் அண்ணன் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது. உட்கார முடியவில்லை. நின்றால் நடக்க வேண்டும்போல் இருந்தது. நடந்தால் போனை எடுக்க வேண்டும்போல் இருந்தது.

என்னவெல்லாம் பேசுகிறார் அந்த மனிதர். மருந்துக்கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், கண்ணுக்கு இறங்கியதே இல்லை என்கிறார். பாலத்தடியில் மழை நின்ற பிறகும் பத்து நிமிடம் மழை பெய்யும், அதற்கென்றே குடையை மடக்காமல் வர வேண்டும் என்கிறார். அஞ்சலகத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு வீட்டுக் கதவுக்கு மாத்திரம் வருடம் ஒரு நிறம். போன வருடப் பச்சை ஓரத்தில் உரிந்து தெரிவதைக் கிட்டே போய்க் காட்டுகிறார். நான் நாலு வருடம் அந்தச் சந்து வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனேன். கதவைப் பார்த்ததில்லை. பார்த்தாயா என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார், கேட்கவும் இல்லை.

ஒவ்வொரு வீடியோவுக்கும் அடியில் ஆட்கள் கேள்வி கேட்கிறார்கள். ‘மூன்றாம் மாடி’ என்றொருவர், ‘தூக்கம் வராதவன்’ என்றொருவர். ‘வெயில்காலம்’ என்று ஒருத்தி, பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், வாரம் தவறாமல் எதையாவது கேட்டுவிடுகிறாள். சலவைக்கடைக்குப் பக்கத்தில் மரம் இருக்கிறதே, அதற்கு எத்தனை வயதிருக்கும்? இவர் அதற்கு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுகிறார். ஒரு பக்கம். என் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் இவர் எழுதியது இவர் பெயர் மட்டும்.

நாங்கள் சந்தித்த கதையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஐந்து வருடத்துக்கு முன்பு எங்கள் லேப் இருந்த கட்டிடத்தில், கையில் ஒரு தட்டு நிறைய பல்லோடு நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். விளக்கு அணைந்துவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துத் தலைக்கு மேலே ஒரு குரல் வந்தது.

“பயப்படாதீங்க.”

இருட்டா இருக்கு என்றேன். “இருட்டா இருக்கு” என்றது குரல். கையில பல்லு இருக்கு என்றேன். ஒரு கணம் தாமதித்து, “கையில பல்லு இருக்கு” என்றது. மூச்சு முட்டுது என்றேன். “மூச்சு முட்டுது. வர்றேன்.”

வேறொன்றும் சொல்லவில்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொன்ன அந்தக் குரல் அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெரிய கைத்தாங்கலாக இருந்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை. மேலே ஒரு ஆள் இருக்கிறார், நான் சொல்வது அவர் காதில் விழுகிறது. அது போதுமாக இருந்தது. அப்புறம் பெரியவர்கள் பேசினார்கள், கல்யாணம் ஆனது.

அதே பழக்கம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு அம்மா வர்றாங்க என்பேன். “வர்றாங்க” என்பார். குழாய் ஒழுகுது. “ஒழுகுது.” முதல் வருடம் சிரித்தேன். இரண்டாம் வருடம் பல்லைக் கடித்தேன். நாலாம் வருடம் ஒரு நாள், நான் செய்து அனுப்பிய செட் ஒன்று நிறம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருந்தது. மேடம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அவரிடம் கொட்டினேன்.

செட்டு திரும்பி வந்துடுச்சு என்றேன். “திரும்பி வந்துடுச்சு” என்றார். நிறம் தப்பாம். “தப்பாம்.” எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கிண்டல் செய்கிறாரா, கேட்கவே இல்லையா என்று தெரியவில்லை.

“நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “போறே” என்றார்.

போ என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெட்டியை அடுக்கினேன். பஸ் நிறுத்தம் வரை அந்தப் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது, ஒரு வரி கிடையாது. வந்து கூப்பிடட்டும் என்று அண்ணன் சொன்னான். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன், பெருமைப்படும்படியானது அல்ல. ‘வழிப்போக்கி’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அவருடைய கடைசி வீடியோவின் கீழே எழுதினேன்: ‘இவ்வளவு பேசுறீங்களே, உங்க வீட்ல உங்களைப் பேசவே விடமாட்டாங்களா?’ எழுதியதும் போனைத் தலையணைக்கு அடியில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன்.

புதன்கிழமை வீடியோ வந்தது. காய்கறிச் சந்தைக்குப் பின்பக்கம் நடந்துகொண்டே கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். என் கேள்வியும் வந்தது. உரக்கப் படித்தார். அப்புறம் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு விளக்குக் கம்பம் கடந்தது, இரண்டு கடந்தது. நான் எண்ணினேன். ஆறு கம்பம்.

“அடுத்த கேள்வி” என்றார்.

அந்த ஆறு கம்பத்தை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். வியாழக்கிழமை மெழுகைச் சூடு பண்ண வைத்துவிட்டு மறந்து, லேப் முழுக்கப் புகை. வெள்ளிக்கிழமை ஒரு செட்டில் கடைவாய்ப் பல்லை இடம் மாற்றிப் பதித்தேன். அதை யாரோ ஒருவர் வாயில் வைத்திருந்தால் அசைபோடும் மாடு மாதிரி ஆகியிருப்பார். மேடம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பதிலை மறந்துடாதே என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளி மாலை போட்ட வீடியோவை நான் சனிக்கிழமை மத்தியானம் லேபில்தான் பார்த்தேன். இந்தத் தடவை தெரு இல்லை. பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்றின் மொட்டைமாடி. ‘எல்லாத் தெருவையும் ஒரே இடத்துலேர்ந்து காட்டுங்க’ என்று ‘மூன்றாம் மாடி’ கேட்டிருந்தாராம். அன்று அங்கே லிஃப்ட் வேலை இருந்ததால், வேலை முடிந்ததும் கட்டிடக் காவலரிடம் கேட்டுக்கொண்டு எடுத்திருக்கிறார். சுற்றிலும் காட்டினார். எங்கள் வீட்டு மாடியும் ஒரு நொடி வந்து போனது. அப்புறம் பக்கத்தில் இருந்த மோட்டார் அறைக்குள் போனார். அங்கே எண்ணெய்ப்பிசுக்கான சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“இவர் எனக்கு ஜோடி” என்றார் என் கணவர். “பதினாறு வருஷமா ஒரே லிஃப்ட் குழிக்குள்ள வேலை பாக்கறோம்.”

“என் பொண்டாட்டியே எனக்கு அப்புறம்தான் வந்தா” என்றார் அந்த ஜோடி.

இருவரும் எப்படி வேலை செய்வார்கள் என்று காட்டினார்கள். ஒருவர் கீழே குழிக்குள் இறங்கிவிடுவார். மற்றவர் மேலே மோட்டாரிடம் நிற்பார். ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது. கீழேயிருந்து “மேல ஒரு அடி” என்று குரல் வந்தது. “மேல ஒரு அடி” என்றார் என் கணவர். “நிறுத்து.” “நிறுத்து.”

என் கையில் இருந்த பல் மேஜையில் விழுந்து உருண்டது.

“ஏன் சொன்னதையே சொல்றீங்கன்னு கேப்பீங்க” என்று அவர் போனைப் பார்த்துச் சொன்னார். “இதுதான் எங்களுக்கு முதல் பாடம். என்ன வார்த்தை வருதோ, அதே வார்த்தையத் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு சரின்னு அர்த்தம் இல்ல, வேணாம்னும் அர்த்தம் இல்ல. நீ சொன்னது என்கிட்ட வந்து சேந்துடுச்சு, நான் இங்கதான் இருக்கேன். அவ்வளவுதான். திருப்பிக் குடுக்காம இருந்தா, அடுத்தவன் கை போயிடும். பழகிப்போச்சுன்னா வெளியில வந்தாலும் வாய் அப்படித்தான் வருது. இன்னொண்ணு, உள்ள போன ஆள் தானா குரல் குடுக்கற வரைக்கும் வெளிய இருக்கறவன் பட்டனைத் தொடக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் நிக்கணும்.”

“ஒருக்கா மூணு மணி நேரம் நின்னாரு” என்று குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “நான் உள்ள தூங்கிட்டேன்.”

நாலு வருடம். ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கிறேனா, அந்தக் குழிக்குள் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று? அவருக்குத் தன் வேலையைச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. நான் போறேன் என்றேன்; அது வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நான் அதைப் போ என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு மாதமாக அந்த மனிதர் பட்டனைத் தொடாமல் நின்றுகொண்டிருக்கிறார்.

அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது கோபம். நான் என்ன லிஃப்டா?

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவள் வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டு, இப்பவே போன் பண்ணு என்றாள். அண்ணன் வழக்கம்போல, அவன்தான் வந்து கூப்பிடணும் என்றான். போன் செய்தால் நான் சொல்வதை அவர் திருப்பிச் சொல்வார், அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். வீடியோவின் கடைசியில் அவரே சொல்லியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, தண்ணீர்த் தொட்டி முனையிலிருந்து ரயில் பாதை வரை.

நான் ஆறரைக்கே போய்விட்டேன். தொட்டியைச் சுற்றி எத்தனை சுற்று நடந்தேன் என்று தெரியாது. பால் வாங்க வந்த ஒரு அம்மா, எதையாவது தொலைச்சிட்டியாம்மா என்று கேட்டுவிட்டுப் போனார். ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம். நான் சுவர் மறைவில் நின்றேன். போனை ஒரு குச்சியில் பொருத்தினார், தொண்டையைச் செருமினார், நடக்க ஆரம்பித்தார்.

பத்தடி பின்னால் நான் நடந்தேன்.

போனில் கேட்பதற்கும் நேரில் கேட்பதற்கும் வித்தியாசம் இருந்தது. பேசும்போது அவருடைய இடது கை சும்மா இருப்பதில்லை. காற்றில் எதையெதையோ திருகுகிறது, இறுக்குகிறது. சைக்கிள் கடைக்காரர் வணக்கம் போட்டார். சன்னலில் இருந்து ஒரு பெண் கையாட்டினாள். இந்த மனிதரை இத்தனை பேருக்குத் தெரியுமா? நான் எட்டு வைத்து நடந்தேன், சின்னதாக வைத்தேன், நின்றேன், ஓடினேன். கூப்பிட வாயெடுத்தால் அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். நாலு வருடம் ஏங்கின வாக்கியத்தை நானே எப்படி வெட்டுவது?

“இப்ப பின்னாடி திரும்பிக் காட்டறேன் பாருங்க, தொட்டி எவ்வளவு சின்னதாயிடுச்சுன்னு” என்று சொல்லி, முன்னால் பார்த்தபடியே குச்சியைத் தோளுக்கு மேலே சாய்த்துத் திருப்பினார். திரையில் தொட்டிக்குப் பதிலாக நான் இருந்தேன்.

நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பினார்.

“பேசுங்க” என்றேன். “ஏன் நிறுத்திட்டீங்க?”

அவர் கை மட்டும் எதையோ திருகியது. எனக்குத் தெரிந்த பழைய மௌனம் அந்தத் தெரு நடுவில் அப்படியே வந்து நின்றது. ஒரு நிமிடம் பொறுத்தேன். பிறகு குச்சியை அவர் கையிலிருந்து பிடுங்கி, போனை அவர் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தேன்.

“என்கிட்ட சொல்லவேணாம். இதுகிட்ட சொல்லுங்க. நடந்துகிட்டே சொல்லுங்க.”

நான் பின்பக்கமாக நடந்தேன். அவர் போனைப் பார்த்தார். இரண்டு வீடு தாண்டியது.

“இது... அஞ்சல் பெட்டி” என்றார். “இதுல லெட்டர் போட்டா போய்ச் சேராதுன்னு சொல்லுவாங்க. நான் போட்டதில்ல.” மூச்சு விட்டார். “அவ போனதுக்கப்புறம் வீட்ல இருக்க முடியல. வெளிய வந்து நடந்தேன். நடக்கும்போது, இதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே, அதைச் சொல்லியிருக்கலாமேன்னு தோணிட்டே இருக்கும். அந்தக் கதவு, அந்தத் தையல்காரர், எல்லாம். எடுத்து அனுப்பலாம்னு எடுத்தேன். அவளுக்கு மட்டும் அனுப்பறதுக்கு எதை அமுக்கணும்னு தெரியல. ஊருக்கே போயிடுச்சு.”

“முப்பத்தி மூணு தடவையுமா தப்பா அமுக்கினீங்க?”

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். “மொத மூணுதான். அதுக்கப்புறம் பதினோரு பேர் பாத்தாங்க. ஒருத்தர் கேள்வி கேட்டாரு. எனக்கே பிடிச்சுப்போச்சு. பொய் சொல்ல விரும்பல.”

எல்லாம் உனக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் நான் அன்றே அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். இந்தப் பதில்தான் என்னை நிறுத்தியது.

‘வழிப்போக்கி’ நான்தான் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் எழுதி எழுதி அழித்தாராம். ஏன் ஒரு போன் செய்யவில்லை என்று கேட்டேன். நீ கூப்பிடுவே என்று நின்றேன் என்றார். நான் குழிக்குள்ளயா இருந்தேன் என்று கேட்டேன். அதற்குச் சிரிக்கவா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்ல நிறைய இருந்தது எனக்கு. பிறந்தநாள் அட்டை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது, ‘வெயில்காலம்’. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ‘வெயில்காலம்’ எழுபது வயதுத் தாத்தா என்றார். ரயில் பாதை வரை போய்விட்டோம். அங்கே திரும்பாமல் பாதையோரமாகவே நடந்தோம்.

கை வலித்தது. போனைத் தாழ்த்திக்கொண்டு புது லேப் விஷயத்தைச் சொன்னேன். மூன்று வருடம். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

போன் இல்லாமல் அவர் என்னைப் பார்த்தார். திருப்பிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உதடு அதற்குத்தான் தயாரானது. அதை அவர் நிறுத்தியதையும் பார்த்தேன்.

“உனக்குப் போகணுமா?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆமாம் என்றேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. நிஜத்தைச் சொன்னதால் உடைந்ததா, அவர் கேட்டதால் உடைந்ததா தெரியவில்லை.

சரக்கு ரயில் ஒன்று போனது. அது முடியும்வரை இருவரும் பேச முடியவில்லை. பெட்டிகள் தீர்வதாக இல்லை.

“அந்த ஊர்லயும் லிஃப்ட் இருக்கும்ல” என்றார்.

“இந்தத் தெருவெல்லாம் இருக்காது.”

“தெரு இல்லாத ஊரா?”

“கூட வர்றேன்னு முடிவே பண்ணிட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா?”

அவர் நின்றார். இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. “வரட்டுமா?”

ஏழு மாதம் என்னைக் காக்க வைத்தவர், கொஞ்சம் நிற்கட்டும் என்று முன்னால் நடந்தேன். கேமரா இல்லாமலும் என்னிடம் பேச வேண்டும் என்றேன். கத்துக்கறேன் என்றார் பின்னாலிருந்து; ஆனால் கொஞ்ச நாளைக்குப் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டாமல் நாலு எட்டு வைத்தேன். பிறகு, சரி வாங்க என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ வரவில்லை. ‘தூக்கம் வராதவன்’ இரவுக்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேடம் வருவதற்குள் நான் மேஜையை இரண்டு முறை துடைத்துவிட்டேன். அவர் கைப்பையைக்கூட வைக்கவில்லை, போய்ச் சொன்னேன்: போகிறேன், ஆனால் தங்க இடம் ஒருத்திக்குப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்குப் பாருங்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “உன் வீட்டுக்காரருக்குப் பல்லு செய்யத் தெரியுமா?”

“தெரியாது மேடம். லிஃப்ட் வேலைதான்.”

“நம்ம புது லேப் மூணாவது மாடி. லிஃப்டே கிடையாது.”

“பரவால்ல மேடம்” என்றேன். “எங்க ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு ஏறி இறங்கறதுதான் நல்லது.”

அவர் சிரித்தாரா என்று பார்க்க நிற்கவில்லை. மேஜையில் ஒரு கீழ்த்தாடை காத்துக்கொண்டிருந்தது. பல்லை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பத்து மணிக்கு வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் கூப்பிடுவதாக என் கணவர் சொல்லியிருந்தார். மணி ஒன்பது ஐம்பத்தி நாலு.